கூடைக்குக் கீழே எண்பத்தைந்து மில்லிமீற்றர்

கண்ணாடி மேசையின் மேல் மஞ்சள் துணி. துணியின் மேல் இரண்டு லென்ஸ்கள். ஒன்று குட்டையும் தடிப்பும், மற்றது நீளம். கடைக் கதவில் தொங்கிய பலகையை ‘மூடியுள்ளது’ பக்கம் திருப்பிவிட்டு வந்த மொசியு ரொஷா, இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

“ஒன்று மட்டும்தான். மற்றது நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு வாடகையில் போகிறது. உங்களுக்கு எது, கல்யாணத்துக்கு எது என்று நீங்களே சொல்லுங்கள்.”

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு தை மாதம், வெள்ளிக்கிழமை. திகதியில் எனக்குச் சந்தேகம் உண்டு, கிழமையில் இல்லை. ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம் என்பது நிச்சயம் ஆகையால் அதற்கு முதல்நாள் வெள்ளியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுவிஸில், நொஷாட்டல் ஏரியின் மேல் பனிமூட்டம் இறங்கி, தெருமுனையில் டிராம் கம்பிகள்கூடத் தெரியவில்லை.

குட்டையானது எண்பத்தைந்து மில்லிமீற்றர். நீளமானது நூற்று முப்பத்தைந்து. லென்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எண் கூடக்கூடத் தூரத்தில் உள்ளது கிட்டே வரும். ஆனால் அந்த இரண்டில், குட்டையானது மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். தூரமா, வெளிச்சமா என்பதுதான் கேள்வி.

“பத்திரிகைக்காரர் எப்போதும் நீளமானதைத்தான் கொண்டுபோவார்” என்றார் மொசியு ரொஷா, நான் கேட்காமலே.

நான் நீளமானதைக் கமராவில் பூட்டிக் கண்ணில் வைத்தேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் குடையோடு போன ஒரு பெண்ணின் காதணி தெரிந்தது. கழற்றி வைத்தேன். குட்டையானதைப் பூட்டினேன். பெண் போய்விட்டாள்.

கைகள்

சென்ற வாரம் என் கைகளைப் பற்றி எழுதியிருந்தேன். இன்றுதான் படிக்கத் தொடங்குபவர்களுக்காகச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன்.

நான் அப்போது ஏரிக்கரை உணவகம் ஒன்றின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் முடிவாகாத எங்களுக்குக் குசினிக்கு வெளியே வேலைக்கு அனுமதி கிடைப்பது அரிது. கழுவும் மருந்து என் தோலுக்கு ஒத்துவரவில்லை. முதலில் விரல் இடுக்குகள் சிவந்தன, பிறகு வெடித்தன, பிறகு வெடிப்புக்குள் மருந்து போய் எரிந்தது. கையுறை போட்டால் உள்ளே வேர்த்து இன்னும் மோசமாகும். தோல் வைத்தியர் இரண்டு கைகளையும் விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களிம்பு எழுதித் தருவேன், ஆனால் இந்த வேலையை விடாதவரை களிம்பு வீண் என்றார்.

போக்கிடம் ஒன்று இருந்தது. மொசியு ரொஷாவின் கடைக்குப் பின்னால் ஒரு இருட்டறை. யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோவில் வேலை செய்தவன் என்று தெரிந்தபிறகு, ஓய்வு நாட்களில் என்னை அங்கே விட்டுப் பார்த்தார். என் பிரிண்டுகள் அவருக்குப் பிடித்துப்போயின. இருட்டறை மருந்து மட்டும் தோலுக்கு நல்லதா என்று டீட்டிகோனிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்லதல்ல. ஆனால் அங்கே இடுக்கி இருக்கிறது. சட்டியை இடுக்கியால் கழுவ முடியாது.

என்னை வேலைக்கு எடுக்க அவர் ஏற்கனவே ஒருமுறை கன்டோன், அதாவது மாநில அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். குறிப்பாக இந்த ஆள்தான் வேண்டும் என்பதற்கு என்ன காரணம் என்று கேட்டு மறுத்துவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நகரப் பத்திரிகையின் விளையாட்டுப் படப்பிடிப்பாளர் பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பத்திரிகைக்கு ஃபிலிம் விற்கிற மொசியு ரொஷா, சனிக்கிழமை கூடைப்பந்தாட்டத்துக்கு என் பெயரைச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஆட்டம். நல்ல படம் இல்லாவிட்டால் படம் இல்லாமலே செய்தியைப் போட்டுக்கொள்வார்கள்.

“உங்கள் பெயரோடு ஒரு படம் அச்சில் வரட்டும்” என்று என்னிடம் சொன்னார். “அதை இணைத்து இன்னொரு தடவை எழுதுகிறேன். வராவிட்டால் எழுதமாட்டேன். வெறுங்கையோடு இரண்டாம் தடவை போய்க் கதவைத் தட்டுகிறவன் நான் இல்லை.”

யோகண்ணையின் முகம்

வெள்ளிக்கு முதல்நாள், வியாழன் மத்தியானம், வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு விளையாட்டு மண்டபத்துக்குப் போனேன். என்னோடு யோகண்ணை வந்தார்.

யோகண்ணை யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். நான் அவரிடம்தான் கல்யாண வீடுகளில் விளக்குப் பிடித்து, பிறகு இரண்டாவது கமரா எடுத்தேன். நொஷாட்டலில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம், ஒரே குசினியில் வேலை செய்தோம். அவர் மரக்கறி வெட்டுவார், நான் கழுவுவேன். முதலாளியும் தொழிலாளியும் என்ற பழைய கணக்கு பிளேனிலேயே தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

“அண்ணை, கூடைக்குக் கீழை போய் நில்லுங்கோ. முகத்திலை எவ்வளவு வெளிச்சம் விழுகுதெண்டு பாக்கோணும்.”

“நான் என்ன பொம்பிளையே, முகத்திலை வெளிச்சம் பாக்க?”

“நில்லுங்கோவன்.”

நின்றார். மேல்கோட்டோடு, தொப்பியோடு, கல்யாண மாப்பிள்ளைபோல மார்பை நிமிர்த்தி நின்றார். நான் கருவியை அவர் மூக்கடியில் பிடித்தேன். பிறகு நடுக்கோட்டில், பிறகு மூலைகளில். நடுவில் வெளிச்சம் பரவாயில்லை. கூடைக்குக் கீழே, விளக்கு வரிசை முடிகிற இடத்தில், முகம் இருண்டுவிடுகிறது. எல்லாப் படமும் கிடைக்கப்போவதும் அங்கேதான்.

“உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்? என்ர பிளாஷைக் கொண்டுபோ. ஐம்பது லென்ஸைப் போடு. முழு ஆளும் வரும், முகமும் வெளிக்கும்.”

“பிளாஷ் அடிக்க விடமாட்டாங்கள், அண்ணை. பந்தை எறியிறவன்ரை கண்ணிலை பட்டுதெண்டால் நடுவர் வெளியாலை கலைச்சுப்போடுவார்.”

“ஐயர் ஒருநாளும் என்னைக் கலைச்சதில்லை.”

“ஐயர் ஓடிக்கொண்டு தாலி எடுத்துக் குடுக்கிறேல்லைத்தானே.”

யோகண்ணை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “சனிக்கிழமை உன்ர சட்டி பானையையும் சேர்த்து நான்தான் கழுவப்போறன். படம் வராட்டில் ஒரு மாசத்துக்கு என்ர வெங்காயத்தை நீ உரி. அந்தக் கையாலை.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கையால் என்று சொல்லும்போது என் கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

கால் இல்லாத மருமகன்

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

யோகண்ணையின் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் இருந்தது. ஆளின் கால் வெட்டுப்படக்கூடாது. முகத்தை மட்டும் எடுக்கிற பாஸ்போர்ட் படம் வேறு. நிற்கிற ஆளை எடுத்தால் உச்சியிலிருந்து பாதம்வரை படத்துக்குள் இருக்கவேண்டும். மணப்பெண் அம்மியில் வைத்த கால், கால்விரலில் மிஞ்சி, மாப்பிள்ளையின் வேட்டிக்கரை எல்லாம் தெரியவேண்டும். இல்லாவிட்டால் படம் திரும்பி வரும்.

ஒருமுறை உண்மையிலேயே திரும்பி வந்தது. நான் எடுத்த படம். மாப்பிள்ளையின் கால்விரல் நுனிகள் மட்டும் வெளியே போயிருந்தன. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்ததை மாமனார் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“தம்பி, என்ர மருமோனுக்குக் காலில்லையோ?”

யோகண்ணை அந்தக் கல்யாணச் சோடியைத் திரும்ப உடுத்தவைத்து, திரும்ப மாலை போட்டு, செலவு தன்னுடையதாக எடுத்துக் கொடுத்தார். என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. அதற்குப்பிறகு என் கண் கமராவுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது பாதத்தைத்தான். முகம் பிறகு.

உலகத்தில் வேறு எங்காவது படப்பிடிப்பாளர்களுக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா என்று பின்னாளில் நகர நூலகத்தில் தேடிப் படித்திருக்கிறேன். நிழற்படக் கலையின் வரலாறு பற்றிய தடித்த புத்தகங்கள் எதிலும் கண்டதில்லை.

அதே கல்யாண வீடுகள் இன்னொன்றையும் பழக்கின. தாலி கட்டும் நேரம் ஒரு தரம்தான் வரும். பிளாஷ் அடுத்த முறை மின்னத் தயாராவதற்குள் முடிச்சு விழுந்துவிடும். ஆகவே லென்ஸில் தூரத்தை முன்கூட்டியே திருகி வைத்துவிட்டுக் காத்திருப்போம். கண்ணால் பார்த்து அழுத்தினால் பிந்திவிடும். மேளம் ஏறுகிற ஓசையைக் கேட்டு அழுத்தவேண்டும்.

மஞ்சள் துணி

மேசைக்குத் திரும்புகிறேன்.

நான் அளந்த வெளிச்சத்துக்கு, இருட்டை ஈடுகட்டும்படி ஃபிலிமைக் கூடுதல் நேரம் கழுவினாலும், நீளமான லென்ஸில் கமரா திறந்து மூடும் வேகம் நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்த வேகத்தில் ஓடுகிற ஆள் ஓரளவு நிற்பான். பந்தும் விரல்களும் நிற்கமாட்டா. குட்டை லென்ஸில் ஐந்நூறில் ஒரு பங்கு. விரல் நிற்கும். ஆனால் மறுமுனையில் நடப்பதெல்லாம் எறும்புபோல இருக்கும். தவிர, அவ்வளவு திறந்த லென்ஸில் ஒரு சாண் ஆழம்கூடத் தெளிவாக விழாது. மூக்கு தெளிந்தால் காது மங்கும்.

“இது” என்று குட்டையானதைத் தொட்டேன்.

மொசியு ரொஷா தோளை உயர்த்தினார். “நீங்கள் தொட்டதுதான் கல்யாணத்துக்கு நல்லது. அவர்களுக்கும் முகம்தான் வேண்டும்.” நீளமானதைத் துணியில் சுற்றினார். “உங்கள் படம், உங்கள் முடிவு.”

படி இறங்கும்போதே தவறு செய்துவிட்டேன் என்று தோன்றத் தொடங்கியது.

சப்பாத்து இல்லாத ஆள்

சனிக்கிழமை பின்னேரம் மண்டப வாசலில் ஒரு அறிவிப்பு இருந்தது. வெளிச் சப்பாத்தோடு மரத்தளத்தில் மிதிக்கக்கூடாது. மற்றப் படப்பிடிப்பாளர்கள் பையிலிருந்து சுத்தமான விளையாட்டுச் சப்பாத்துகளை எடுத்து மாற்றினார்கள். என்னிடம் வேறு சப்பாத்து இல்லை. கோயில் வாசலில் செய்வதுபோலக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மெழுகு பூசிய தளம். இரண்டு முறை வழுக்கியது.

கூடைக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே எனக்கு இடம். மற்றவர்கள் முழந்தாளில் நின்றார்கள். நான் சப்பாணி கட்டி, அதாவது பந்தியில் சாப்பிட அமர்வதுபோலச் சம்மணமிட்டு, தரையில் இருந்தேன். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றினால் கமரா ஆடாது. எனக்கு அதுதான் தெரிந்த முக்காலி.

என் தோளுக்குப் பின்னால், சற்று விலகி, லொசான் பத்திரிகை ஒன்றின் படப்பிடிப்பாளர் நின்றாள். பெர்னாடெத் என்று பெயர். கையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். தானாக ஃபிலிமைச் சுற்றும் மோட்டார். என் கமராவைப் பார்த்தாள், என் காலுறையைப் பார்த்தாள், பிறகு வேலையைப் பார்த்தாள்.

உள்ளூர் அணியில் சம்பளத்துக்கு வந்து ஆடிய அமெரிக்கர் ஒருவர் இருந்தார். பதினான்காம் இலக்கம். பனை உயரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மண்டபக் கதவில் குனிந்துதான் வந்தார். நகரம் முழுக்க அவரைப் பார்க்கத்தான் வந்திருந்தது. பத்திரிகைக்கும் அவர் முகம்தான் வேண்டும்.

விசில் ஊதியது.

முதற்பாதி

முதற்பாதி முழுக்க நான் எடுத்தவை குப்பை. எடுக்கும்போதே அது தெரிந்தது.

ஏனென்று தெரியவில்லை. வெளிச்சம் கணக்குப்படி இருந்தது. ஆட்டமும் எனக்குப் புதிதல்ல, எங்கள் கல்லூரியிலும் சீமெந்துத் தளத்தில் கூடை ஒன்று இருந்தது. ஆனால் பதினான்காம் இலக்கம் பந்தோடு என் பக்கம் பாயும்போதெல்லாம் என் விரல் அழுத்த மறுத்தது. அவர் தூரத்தில் நிற்கும்போது அழுத்தினேன். அங்கே அவர் என் பெருவிரல் அளவுதான்.

வலது ஆள்காட்டி விரலில் வெடிப்பு. அதன்மேல் பிளாஸ்டர். கமராவின் பொத்தான் எங்கே பாதி இறங்கி நிற்கிறது என்று அந்தப் பிளாஸ்டருக்குள்ளால் தெரியவில்லை. ஒருமுறை நினையாத நேரத்தில் அழுத்திவிட்டேன். இன்னொருமுறை பந்து கூடைக்குள் விழுந்து, வலை அடங்கியபிறகு அழுத்தினேன். பின்னால் பெர்னாடெத்தின் மோட்டார் தையல் மெசின்போல ஓடிக்கொண்டிருந்தது.

நீளமானதை எடுத்திருக்கவேண்டும். அதை இந்த நேரம் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு நான் குழாயைத் திறப்பேன், நுரை வரும், வெடிப்புக்குள் போகும். மற்றவர்கள் ஆட்டத்தின் புள்ளியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை விசில் ஊதியதும் என் தோளில் ஒரு விரல் தட்டியது.

“மொசியு, உங்கள் தலை ஒவ்வொரு முறையும் என் படத்துக்குள் வருகிறது.”

“மன்னிக்கவும்.”

“அவர்கள் கிட்டே வரும்போதெல்லாம் பின்னால் சாய்கிறீர்கள். பயமா?”

என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சூடு, சீக்கிரம், பின்னால் வருகிறேன். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் கிட்டே வந்தால் கால் வெட்டுப்படுகிறது, ஆகவே சாய்கிறேன் என்று என் சொந்தப் பாதத்தைத் தொட்டுக் காட்டி, கையால் வெட்டிக் காட்டி, எப்படியோ சொன்னேன்.

சொல்லிமுடித்தபிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. முதற்பாதி முழுவதும் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

பெர்னாடெத் கமராவைத் தாழ்த்தினாள். “கால்களா?” என்றாள். “இரண்டு மீற்றர் ஆள், மூன்று மீற்றர் தூரம். அவருடைய காலை யார் கேட்டார்கள்?” ஃபிலிமை மாற்றத் தொடங்கினாள். “சாயவேண்டாம். எனக்கும் வேலை இருக்கிறது.”

இரண்டாம் பாதி

பிளாஸ்டரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்தேன். குளிர் காற்று வெடிப்பில் பட்டது. பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது தெரிந்தது.

பிறகு கூடையிலிருந்து ஒரு எட்டு முன்னால், தளத்தில் இருந்த ஒரு கீறலைக் குறியாக வைத்துத் தூரத்தைத் திருகினேன். எறிந்த பந்து தப்பித் தெறித்தால் அதைப் பிடிக்கப் பதினான்கு அங்கேதான் எழும்புவார். லென்ஸின் வளையத்தை அப்படியே விட்டேன். இனி ஆளைத் துரத்திப் பிரயோசனமில்லை. தாலிக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருக்கவேண்டியதுதான்.

முதல் தடவை வந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. என் முதுகு தானாகப் பின்னால் போகப் பார்த்தது. சுவரில் ஆணி அடித்ததுபோல அதை நிறுத்தினேன். விரல் இறங்கவில்லை. அந்த நேரத்தில் யோகண்ணை என் பக்கத்தில் நின்று, எங்கையடா கால் என்று கேட்பதுபோலவே இருந்தது.

இரண்டாம் தடவை இறங்கியது. பிந்திவிட்டது.

பிறகு நான் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். பந்து பலகையில் மோதும் சத்தம், அதற்கு முன்னால் சப்பாத்துகள் மரத்தில் கிறீச்சிடும் சத்தம், அதற்கும் முன்னால் மண்டபம் முழுக்க ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அந்த மூச்சுத்தான் மேளம் ஏறுகிற இடம்.

மூச்சு வந்தது. அழுத்தினேன்.

பார்வைத் துளைக்குள் ஒரு கணம் இருட்டு. எடுத்த கணத்தைக் கமரா நமக்குக் காட்டாது, மறைத்துவிடும். நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததுதான் நல்ல அறிகுறி என்று யோகண்ணை சொல்வார். பார்த்துவிட்டாய் என்றால் படத்தில் அது இல்லை.

தொடர்ந்து எடுத்தேன். கால்கள் போயின, இடுப்புகள் போயின, ஒருமுறை பாதித் தலையும் போனது. விரலிலிருந்து கசிந்தது வளையத்தில் பிசுபிசுத்தது. துடைக்க நேரமில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது பந்து கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது. பதினான்கு அதைத் துரத்திக்கொண்டு வந்தார். முழந்தாளில் நின்றவர்கள் இரு பக்கமும் பாய்ந்தார்கள். சப்பாணி கட்டியிருப்பவன் பாயமுடியாது. ஒரு காலை விடுவித்து ஊன்றப் பார்த்தேன். காலுறை வழுக்கியது.

கமராவை மடிக்குள் இழுத்து, அதன்மேல் கவிழ்ந்தேன். தலைக்கு மேல் பெரிய வெக்கை ஒன்று கடந்துபோனது. தோளில் ஒரு முழங்கால் இடித்தது. பின்னால் சுவரில் கட்டியிருந்த மெத்தையில் ஒரு உடம்பு மோதிய சத்தம்.

நிமிர்ந்தபோது அவர் எனக்கு மேலே குனிந்து நின்றார். அவருடைய வேர்வை என் நெற்றியில் சொட்டியது. ஆங்கிலத்தில், அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். லென்ஸின் வளையத்தைத் திருகிப் பார்த்தேன். திரும்பியது. இல்லை என்றேன். அவர் என் காலுறையைப் பார்த்துச் சிரித்தார், ஓடிவிட்டார்.

யார் வென்றார்கள் என்று நாளைக்குப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற நிலையில் நான் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தேன். ஞாயிறு பத்திரிகை கிடையாது என்பதுகூட நினைவில்லை.

தண்ணீருக்குள்

ஞாயிறு காலை மொசியு ரொஷா எனக்காகக் கடையைத் திறந்தார். ஃபிலிமைக் கழுவினோம். அதிகப்படியாகக் கழுவினால் இரவு வானம்போலக் கறுத்துவிடும், குறைத்தால் ஒன்றும் எழும்பாது. ஈரமான சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தொடக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தினார். முதற்பாதியில் அவர் முகம் மாறவேயில்லை.

சுருளின் பின்பக்கத்தில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இது” என்றார்.

தட்டில் மருந்துக்குள் கடதாசி கிடந்தது. முதலில் பந்து வந்தது, இருட்டில் நிலாப்போல. பிறகு பத்து விரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பிறகு விரல்களுக்கு நடுவில் இரண்டு கண்கள். பந்தைப் பார்க்காமல், தன் மேல் வந்து விழப்போகிற எதிராளியின் முழங்கையைப் பார்த்த கண்கள். காது மங்கல். மார்புக்குக் கீழே படமே இல்லை.

லென்ஸைத் திரும்பக் கொடுத்தேன். வளையத்தின் பள்ளங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. மொசியு ரொஷா அதைக் கண்டார், மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தார்.

வந்தது

திங்கட்கிழமை உணவகத்தில் பத்திரிகையை மரத்தண்டில் செருகிச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள், வாடிக்கையாளருக்காக. யோகண்ணை அதைத் தண்டோடு குசினிக்குள் கொண்டுவந்தார். விளையாட்டுப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் பதினான்காம் இலக்கம். கீழே பொடி எழுத்தில் என் பெயர். ஒரு எழுத்துப் பிழையோடு, ஆனால் என் பெயர்.

யோகண்ணை படத்தைக் கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார். வெங்காயக் கத்தி இன்னும் கையில் இருந்தது.

“கால் எங்கை?”

“வெட்டிப்போட்டன், அண்ணை.”

“தெரிஞ்சு வெட்டினியோ, தெரியாமல் வெட்டினியோ?”

“தெரிஞ்சுதான்.”

மறுபடியும் பார்த்தார். “கண் நல்லாயிருக்கு” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது என்று எனக்குத் தெரியும். தண்டைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினார்.

இரண்டு நாள் கழித்து மொசியு ரொஷா என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் பாதியில் பக்கக்கோட்டுக்கு மாறியிருந்த பெர்னாடெத், தான் எடுத்த படம் ஒன்றை, நகரப் பத்திரிகையில் விசாரித்துக் கடை விலாசத்துக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய பத்திரிகை அதைப் பெரிதாகவே போட்டிருந்ததாம். பதினான்காம் இலக்கம் கிடையாகக் காற்றில் பறக்கிறார். அவருக்குக் கீழே, கமராவைக் குழந்தைபோல மடிக்குள் பொத்திக்கொண்டு, ஒருவன் சுருண்டிருக்கிறான். நான்தான். நீட்டிய கால் முன்னால் தெளிவாக விழுந்திருக்கிறது. காலுறையின் ஓட்டைக்குள்ளால் பெருவிரல் எட்டிப்பார்க்கிறது.

அதை அறையில் யோகண்ணையிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பிறகு திடீரென்று நிறுத்தினார்.

“உதைக் கடைக்காரரிட்டைக் குடு. கன்டோனுக்கு எழுதேக்கை உதையும் சேர்த்து வைக்கச் சொல்லு.”

“விசரோ, அண்ணை? ஓட்டைக் காலுறையையோ?”

“ஓம். நீ எடுத்த படத்தை வைச்சால், நீ எடுக்கத் தெரிஞ்சவன் எண்டு தெரியும். உதை வைச்சால் நீ ஆர் எண்டு தெரியும். கிடக்கிறியே, தலையிலையிருந்து கால்வரைக்கும்.”

மொசியு ரொஷாவுக்கும் அது பிடித்துவிட்டது. இரண்டையும் இணைத்தார்.

பதில் வரும்வரை நான் சட்டி கழுவினேன். ஏரியின் மேல் பனிமூட்டம் கலைந்து, எதிர்க்கரை மலைகள் தெரியத் தொடங்கிய ஒரு காலையில் அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைத் திறந்தாள். என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஒரு பக்கத்தைத் திருப்பினாள், நிறுத்தினாள்.

கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி, தடுப்புக்கு மேலால் எட்டி, என் கால்களைப் பார்த்தாள்.

அன்றைக்கு நான் சப்பாத்துப் போட்டிருந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையை எடுத்தாள்.